பாரம், சுமை, எடை
கேம்பர் வேன் வாங்கிய ஜார்ஜ் டவுன் நண்பர் ஒருவர் "வேனோட பாரம் எவ்வளவு?" என்று கேட்டார். வெற்று வண்டியைக் கேட்கிறாரா, உள்ளே ஏற்றிய பொருளைக் கேட்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. நம் லாரிகளின் பக்கவாட்டில் மலாய் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: 'பெராட் தன்பா முவாத்தான்' சுமையில்லா எடை, 'பெராட் டெங்கான் முவாத்தான்' சுமையோடு சேர்ந்த எடை. பாரம் வடமொழிச் சொல். தாங்குதல், சுமத்தல் அதன் வேர்ப்பொருள். அதுவே மலாயில் 'பஹாரா' ஆகி, நீரிணைத் துறைமுகங்களில் 3 பிக்குல், அதாவது ஏறத்தாழ 181 கிலோ, என்ற நிறுத்தலளவாக வழங்கியது. (பிக்குல் என்றாலும் மலாயில் தோளில் சுமப்பதுதான்.) தமிழில் பாரம் மனத்துக்குள் குடியேறிவிட்டது: மனபாரம், குடும்ப பாரம். பொறை என்ற அழகிய சொல்லோ பொறுமையின் பக்கம் சாய்ந்துவிட்டது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்ற வள்ளுவர், ஏற்றிய பொருளைப் 'பண்டம்' என்கிறார். இன்று பலருக்கும் பண்டம் என்றால் தின்பண்டம். எஞ்சுபவை இரண்டு. 'எடு' தந்தது எடை, 'சும' தந்தது சுமை. வேனின் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100 கிலோ கூடுகிறது. அடுப்பு, மெத்தை, ஏறி அமரும் ஆட்கள் எல்லாமே சுமைதான். லோடு என்ற கடன்சொல் இங்கே தேவையே இல்லை. வண்டிக்கு வெற்றெடை, ஏற்றியபின் சுமையெடை என்று எழுதலாம். நண்பரிடமும் அப்படியே சொன்னேன்.