நிகண்டும் அகராதியும் தேடுபொறியும்

இணையத்தில் ஒரு சொல்லை இட்டதும் நொடிப்பொழுதில் எண்ணற்ற விடைகள் வந்து குவிகின்றன. குவிந்தவற்றுள் வேண்டியது எது என்று அறியாது மாணவர் திகைக்கின்றனர்; ஏன், ஆசிரியருள்ளும் சிலர் திகைப்பதுண்டு. முதலில் வந்ததே முடிந்த உண்மை எனக் கொள்வாரும் உளர். இப்பொறி வளர்ந்த வரலாற்றை அறிந்தால், அதனிடம் கேட்கும் முறையும் தானே விளங்கும்.

தமிழாசிரியர்க்கு இதனை விளக்குதல் எளிது. நம் முன்னோர் சொற்களைத் தொகுத்த வழி இரண்டு. திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகள் பொருள்வகை பற்றித் தொகுத்தவை. தேவர் பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி, மரப்பெயர் ஒரு தொகுதி என அவை அமையும். மனப்பாடம் செய்தவனுக்கே அவை முழுப்பயன் தந்தன. 1594ஆம் ஆண்டில் சிதம்பர இரேவண சித்தர் அகராதி நிகண்டு இயற்றி, முதலெழுத்து வரிசையில் சொற்களை நிறுத்தினார். 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதி அவ்வழியை மேலும் செப்பம் செய்தது. சொல் எத்தொகுதியைச் சேர்ந்தது என்று அறியாதவனும் அதன் எழுத்தைக் கொண்டே தேடும் நிலை பிறந்தது.

இணையத்திலும் இவ்வரலாறே திரும்ப நிகழ்ந்தது. 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் ஆக்கிய 'ஆர்ச்சி' கோப்புகளின் பெயரை மட்டுமே தேடிற்று. 1994இல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தொடங்கிய யாகூவை ஒரு நிகண்டு எனலாம்; மனிதர் கையால் தளங்களைப் பொருள்வாரியாக அடுக்கினர். 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டாவோ அகராதி! பக்கங்களில் உள்ள சொற்களையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றும் எப்பக்கங்களில் வருகின்றது என்று குறித்து வைத்தது. நூலின் இறுதியில் நாம் காணும் சொல்லடைவு போன்றதே இது. பெருகிய இணையத்திற்குக் கையடுக்கு ஈடுகொடுக்கவில்லை. யாகூவின் பொருளடைவு 2014இல் மூடப்பட்டது.

ஆனால், ஒரு சொல் இலட்சம் பக்கங்களில் வருமாயின் எதனை முன்வைப்பது? இதற்கு ஒரு விடை இணையம் தோன்றுமுன்பே கிடைத்துவிட்டது. பலவிடத்தும் வரும் சொல்லைவிட, அரிதாக வரும் சொல்லுக்கே மதிப்பு மிகுதி என்று இங்கிலாந்தின் கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் 1972இல் காட்டினார். என் கருத்தில், தேடுவோர் அறியவேண்டியவற்றுள் தலையாயது இதுவே. மற்றொரு விடை 1998இல் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் நிறுவிய கூகுளின் முறை. எப்பக்கத்தைப் பிற பக்கங்கள் மிகுதியாகச் சுட்டுகின்றனவோ, சுட்டுவனவும் தகுதியுடையனவோ, அது முன்னே நிற்கும். பலர் சுட்டுவதனாலேயே அது மெய்யாகிவிடாது என்பதை மாணவர்க்கு நாம்தாம் சொல்லவேண்டும்.

ஒரு சான்று காண்போம். 'தமிழர் திருநாள்' என்று மட்டும் தேடினால் பெரும்பாலும் பொங்கலைப் பற்றிய பக்கங்களே வரும். தமிழவேள் கோ. சாரங்கபாணி 1952இல் சிங்கப்பூரில் தொடங்கி, மலாயாவிலும் பரவிய தமிழர் திருநாள் விழாவன்றோ நம் மாணவன் அறியவேண்டியது? அவன் 'தமிழர் திருநாள்' என்பதை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, அதனோடு சாரங்கபாணி, 1952 என்ற அரிய குறிப்புகளையும் சேர்ப்பானாயின் பொங்கற்பானைகள் விலகி வரலாறு தெரியத் தொடங்கும். கோசா, தமிழவேள் என்ற பெயர்களாலும் தேடுதல் நன்று. எழுதியவர் எப்பெயரை இட்டாரோ, யார் அறிவார்!

தமிழில் இவ்விடர் பெரிது. ரப்பர் என்பாரும் இரப்பர் என்பாரும் உளர். மலாயா, மலேயா என ஊடாடும். தோட்டம் என்று தேடினால் தோட்டத்து, தோட்டங்களில் என வேற்றுமை ஏற்ற வடிவங்கள் விடுபடலாம். 2019 முதல் கூகுள் வினாவின் தொடரமைப்பையும் நோக்குகின்றது என்பது உண்மையே. எனினும் எழுத்துவேறுபாடு முழுதும் தீர்ந்தபாடில்லை. ஒருங்குறி பரவுமுன், 1990களில், வெவ்வேறு எழுத்துருக் குறியீடுகளில் ஏற்றப்பட்ட தமிழ்ப் பக்கங்களோ இன்று தேடுவோர் கைக்கு எளிதில் அகப்படுவதில்லை.

இணையத்தில் ஏறாதவை இன்னும் பல. எங்கள் தோட்டப் பள்ளி அலமாரியிலுள்ள பழைய ஆண்டுமலர்களில், பள்ளியைக் கட்ட உழைத்த தொழிலாளர் பெயர்கள் உள்ளன. அவற்றை எப்பொறியில் தேடினும் காணோம். ஆறாம் ஆண்டு மாணவர் நால்வர் அவற்றை ஒருங்குறியில் தட்டச்சு செய்து வருகின்றனர்; பெயர்களை மலரில் உள்ளவாறும், இன்று வழங்குமாறும், இருவகையாலும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.