எஃப்.ஐ.ஆரில் இல்லாத தண்ணீர்: பாகிஸ்தான் கிறிஸ்தவர்கள் பற்றிச் சில குறிப்புகள்

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு சிறு கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து மதச்சார்பின்மை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர் எழுந்து கேட்டார்: "இங்க சிறுபான்மைக்கு ஆபத்துன்னு மணிக்கணக்கா பேசறீங்க. பாகிஸ்தான்ல கிறிஸ்தவங்களை என்ன பாடு படுத்தறாங்க? அதைப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கீங்களா சார்?"

கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. "இது அவங்க எப்பவும் கேக்கறதுதான், விடுங்க தோழர்" என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். விட்டுவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கேட்டவரின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், நான் எழுதியதில்லை என்பது உண்மைதானே. எழுதினால் இங்குள்ள முஸ்லிம்களுக்கு எதிராக அது பயன்படும் என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு ஒடுக்குமுறையைப் பற்றிப் பேசும் உரிமையை முழுவதுமாக இந்துத்துவவாதிகளிடம் ஒப்படைத்துவிட்டு நாம் வாய்மூடி இருப்பது என்ன அரசியல்? இக்கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றிய என் சுயவிமர்சனமும்கூட.

1

வழக்கமாகச் சொல்லப்படும் கதையாடல் எளிமையானது. முஸ்லிம் பெரும்பான்மை நாடு, கிறிஸ்தவச் சிறுபான்மை, மதவெறி, வன்முறை. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கதையில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் கிறிஸ்தவர்கள் யார்?

2023 கணக்கெடுப்பின்படி பாகிஸ்தானில் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 33 லட்சம் பேர், மக்கள்தொகையில் 1.37 சதவீதம். மிகப் பெரும்பாலோர் பஞ்சாபிகள். அந்தப் பஞ்சாபிகளில் மிகப் பெரும்பாலோர் சூஹ்ரா என்றழைக்கப்பட்ட தீண்டப்படாத சாதியிலிருந்து வந்தவர்கள். சாணம் அள்ளுவது, மலம் அள்ளுவது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, ஜாட் நிலவுடைமையாளர்களின் வயலில் அறுவடைப் பங்குக்கு உழைப்பது இவர்கள் மேல் சுமத்தப்பட்ட வேலைகள். களத்துமேட்டில் கடைசியாக நின்று தானியம் வாங்கிக்கொண்டு போகும் அந்த ஆளை நமக்குத் தெரியும். ஊர்தான் வேறு.

1873இல் சியால்கோட் பக்கத்து மீராலி கிராமத்திலிருந்து தித் என்ற ஒரு கால் ஊனமுற்ற சூஹ்ரா, அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் பாதிரியிடம் வந்து ஞானஸ்நானம் கேட்டார். தோல் வாங்கி விற்பவர், படிக்காதவர். பாதிரிக்குத் தயக்கம். மிஷன் அதுவரை குறி வைத்திருந்தது மேல்சாதிகளையும் படித்தவர்களையும்தான். ஒருவழியாக ஞானஸ்நானம் கொடுத்ததும், நான் ஊருக்குத் திரும்பிப் போகிறேன் என்றார் தித். மதம் மாறியவன் மிஷன் வளாகத்துக்குள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதே அன்றைய வழக்கம். தித் கேட்கவில்லை. தோல் வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போனவர் போகிற இடமெல்லாம் தன் சனத்திடம் பேசினார். முதலில் மனைவி, மகள், அக்கம்பக்கத்தார், பிறகு ஊர் ஊராக. 1881இல் பஞ்சாபில் இந்தியக் கிறிஸ்தவர்கள் சுமார் நான்காயிரம் பேர். 1931இல் அது நான்கு லட்சத்தை நெருங்கியது.

இதை 'மிஷனரிகள் மதம் மாற்றினார்கள்' என்று சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம். மிஷனரிகள் பின்னால் ஓடிவந்தார்கள் என்பதே சரி. சாதியை விட்டு வெளியேற ஒரு சனம் கூட்டமாக எடுத்த முடிவு அது. தென்னிந்தியாவில் அதே காலகட்டத்தில் நடந்த வெகுமக்கள் மதமாற்றங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

2

வெளியேற முடிந்ததா? அதைத்தான் பார்க்க வேண்டும்.

1890களிலிருந்து மேற்குப் பஞ்சாபில் ஆங்கிலேயர் பெரிய கால்வாய்களை வெட்டி, தரிசு நிலங்களைப் பாசனத்துக்குக் கொண்டுவந்து, குடியேற்றங்களை அமைத்தனர். நிலம் யாருக்கு? 'விவசாயக் குடிகள்' என்று அரசு அங்கீகரித்த சாதிகளுக்கு. 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நில உரிமை மாற்றச் சட்டம் இந்தப் பிரிவினையை இறுக்கமாக்கியது. அந்தப் பட்டியலில் இல்லாத சூஹ்ராவால், அவன் கிறிஸ்தவனே ஆனாலும், விவசாயக் குடியிடமிருந்து நிலம் வாங்க முடியாது. தலைமுறை தலைமுறையாக வயலில் உழைத்தவன் சட்டத்தின் கண்ணில் விவசாயி அல்ல. மதம் மாறியதை அங்கீகரித்த அதே காலனிய அரசு நில விஷயத்தில் பழைய சாதியையே பார்த்தது. மார்ட்டின்பூர், குஷ்பூர், சாந்தி நகர் போன்ற சில கிறிஸ்தவக் கிராமங்கள் மிஷன்களின் முயற்சியால் உருவாயின. அவை விதிவிலக்குகள்.

1947 ஜூனில் பஞ்சாப் சட்டமன்றம் வாக்களித்தபோது, சபாநாயகர் எஸ்.பி. சிங்கா உட்படக் கிறிஸ்தவ உறுப்பினர்கள் பாகிஸ்தானுக்கு ஆதரவாக நின்றார்கள். இந்து, சீக்கிய மேல்சாதியினரிடம் அனுபவித்தது போதும், இஸ்லாத்தில் சாதி இல்லை என்ற நம்பிக்கையும் அதன் பின்னால் இருந்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 11ஆம் தேதி ஜின்னா ஆற்றிய உரை, மதத்துக்கும் அரசின் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று வாக்குக் கொடுத்தது. வங்காளத் தலித் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல் புதிய நாட்டின் முதல் சட்ட அமைச்சரானார்.

ஆனால் பஞ்சாபில் நடந்தது வேறு. சீக்கிய நிலவுடைமையாளர்கள் இந்தியாவுக்கு ஓடினார்கள். அந்த நிலங்கள் கிழக்கிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அவர்களும் எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள், சொந்தமாக உழுதவர்கள். பங்குக்கு உழைத்த கிறிஸ்தவர்களுக்கு அங்கே இடமில்லை. அகதி என்றால் நிவாரணம் உண்டு. இடம்பெயராமலேயே எல்லாவற்றையும் இழந்தவனுக்கு என்ன பெயர்? அவர்கள் லாகூருக்கும் லயல்பூருக்கும் கராச்சிக்கும் போனார்கள். அங்கே காத்திருந்தவை நகராட்சித் துடைப்பமும் செங்கல் சூளையும்.

இன்னொரு தகவலையும் இதோடு சேர்த்து வாசிக்கலாம். பிரிவினையை ஒட்டி சிந்து மாகாணத்தின் தலித் துப்புரவுத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அவர்களது வேலை 'அத்தியாவசிய சேவை' என்று சொல்லித் தடுக்கப்பட்டார்கள். 1947 இறுதியில் அம்பேத்கர் இது குறித்து நேருவுக்கு எழுதினார். கோடிக்கணக்கானவர்களை மதம் பார்த்து இடம்பெயர்த்த அந்தப் பிரிவினை, மலம் அள்ளுபவனை மட்டும் மதம் பார்க்காமல் பிடித்து வைத்தது. 'தூய்மையான நாடு' என்பதே பாகிஸ்தான் என்ற பெயரின் பொருள். அந்தத் தூய்மையைப் பராமரிக்க 'அசுத்தமான' ஒரு கூட்டம் தேவைப்பட்டது.

மண்டல் 1950இல் ராஜினாமா செய்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டு குறிக்கோள் தீர்மானம், 1956இல் இஸ்லாமியக் குடியரசு என்று நாடு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. 1956 அரசியல் சட்டத்திலாவது தீண்டாமை ஒழிப்புக்கென்று ஒரு பிரிவு இருந்தது. இன்று நடைமுறையில் உள்ள 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை. நம் மதத்தில் இல்லாத தீண்டாமையை எதற்கு ஒழிக்க வேண்டும் என்ற தர்க்கம் போலிருக்கிறது. இல்லை என்று அறிவித்துவிட்டால் அதை அனுபவிப்பவன் முறையிட இடமில்லாமல் போகிறது.

3

இப்போது மதநிந்தனைச் சட்டத்துக்கு வருவோம். இதன் மூலவேர் காலனியக் குற்றவியல் சட்டத்தில் இருக்கிறது. 295-ஏ பிரிவு 1927இல் ஆங்கிலேயர் சேர்த்தது, நம்மிடமும் இருந்து வந்தது. ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி அதன் மேல் புதிய பிரிவுகளைக் கட்டியது. 1982இல் குர்ஆனை அவமதிப்பதற்கு ஆயுள் தண்டனை. 1986இல் நபியை அவமதிப்பதற்கு மரண தண்டனை அல்லது ஆயுள் என்ற 295-சி. 1990இல் மத்திய ஷரியத் நீதிமன்றம் ஆயுளை எடுத்துவிட்டு மரணம் மட்டுமே என்றது. இந்தச் சட்டத்தின் கீழ் அரசு இதுவரை யாரையும் தூக்கிலிடவில்லை. தேவையும் இருக்கவில்லை. குற்றச்சாட்டு எழுந்த உடனே கும்பல் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் அடியில் தோண்டிப் பார்த்தால் பல நேரங்களில் நிலம், கடன், கூலி என்று ஏதோ ஒன்று அகப்படுகிறது. 1996இல் அயூப் மசீஹ் என்பவர் மேல் குற்றம் சாட்டப்பட்டது. 1998 ஏப்ரலில் மரண தண்டனை. அதை எதிர்த்து மே 6ஆம் தேதி ஃபைசலாபாத் பேராயர் ஜான் ஜோசப் சாஹிவால் நீதிமன்ற வாசலில் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த மரணம் உலகச் செய்தியானது. 2002இல் உச்சநீதிமன்றம் அயூபை விடுவித்தபோது வெளிப்பட்டது ஒரு வீட்டுமனைத் தகராறு. குற்றம் சாட்டியவர் அந்த மனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 2014 நவம்பரில் கோட் ராதா கிஷனில் செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு கிறிஸ்தவத் தம்பதியைக் கும்பல் கொன்று எரித்தது. சூளை முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அதற்குள் இருந்தது. பேஷ்கி எனப்படும் இந்த முன்பணம் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கட்டிப்போடும் கயிறு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் 1992ஆம் ஆண்டுச் சட்டம், தர்ஷன் மசீஹ் என்ற சூளைத் தொழிலாளி 1988இல் தலைமை நீதிபதிக்கு அனுப்பிய ஒரு தந்தியின் தொடர்ச்சியாக வந்தது. சட்டம் வந்தது, கயிறு அறுபடவில்லை.

1997இல் சாந்தி நகர், 2009இல் கோஜ்ரா, 2013இல் லாகூர் ஜோசப் காலனி, 2023 ஆகஸ்ட் 16இல் ஜரன்வாலா. கடைசியில் சொன்ன ஊரில் ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் எரிக்கப்பட்டன.

4

ஆசியா பீபியின் கதை உலகத்துக்கே தெரியும். ஆனால் அதன் முதல் காட்சி மறக்கப்பட்டுவிட்டது. 2009 ஜூனில் ஒரு பழத்தோட்டத்தில் பெண்கள் ஃபால்சாப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். ஆசியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கிறிஸ்தவச்சி தொட்ட தண்ணீரை நாங்கள் குடிக்கமாட்டோம் என்றார்கள் கூட வேலை செய்த முஸ்லிம் பெண்கள். வாய்த்தகராறு. நாலைந்து நாள் கழித்து அது மதநிந்தனையாகக் காவல்நிலையத்துக்குப் போனது. 2010 நவம்பரில் மரண தண்டனை. அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தசீர் 2011 ஜனவரி 4ஆம் தேதி சொந்தக் காவலராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு மாதத்தில், குஷ்பூர்க்காரரான அமைச்சர் ஷாபாஸ் பட்டி. 2018 அக்டோபர் 31இல்தான் உச்சநீதிமன்றம் ஆசியாவை விடுவித்தது.

அந்தத் தீர்ப்பில் நான் நின்றுபோன இடம் ஒன்று. முதல் தகவல் அறிக்கையில் தண்ணீர்த் தகராறு இல்லை. சாட்சி சொன்ன பெண்களும் முதலில் அதைச் சொல்லவில்லை. இந்த மறைப்பை நீதிமன்றம் குறித்துக்காட்டி, சாட்சியத்தை நம்ப முடியாது என்றது. சட்டரீதியாக அது சரிதான். எனக்கோ வேறொன்று தோன்றியது. 'தொட்ட தண்ணீரைக் குடிக்கமாட்டேன்' என்பதை எழுதிக்கொள்ள அந்தக் காவல்நிலையத்தில் எந்தப் பிரிவும் இல்லை. நபியை அவமதித்தாள் என்பதற்கு ஒரு பிரிவு இருக்கிறது. ஆகவே தண்ணீர் காணாமல் போகிறது, மதம் மட்டும் மிஞ்சுகிறது. சாதி மதமாக மொழிபெயர்க்கப்படும் இடம் இதுதான்.

ஈசாயி என்ற சொல்லே அங்கே துப்புரவுத் தொழிலாளியைக் குறிக்கும் வசவாகிவிட்டது. அதனால் தங்களை மசீஹி என்று அழைக்கும்படி அவர்கள் கேட்டுவருகிறார்கள். துப்புரவு வேலைக்கு முஸ்லிம் அல்லாதோர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அரசு அலுவலகங்களே விளம்பரம் கொடுத்திருக்கின்றன. இட ஒதுக்கீடு மாதிரி இருக்கிறது இல்லையா? மனுவின் இட ஒதுக்கீடு!

எல்லாமே சாதிதான் என்று நான் சொல்ல வரவில்லை. 2013இல் பெஷாவர் தேவாலயத்தில் குண்டு வைத்தவர்கள் யார் எந்தச் சாதி என்று பார்க்கவில்லை. அஹ்மதியர்களை ஒடுக்கும் சட்டங்களுக்கும் சாதிக்கும் சம்பந்தமில்லை. மதநிந்தனை வழக்குகளில் எண்ணிக்கையில் அதிகமாக மாட்டியவர்கள் முஸ்லிம்களே. இதை எதிர்த்து உயிரைப் பணயம் வைத்தவர்களிலும் முஸ்லிம்கள் உண்டு. மசூதிச் சுவரில் எழுதியதாகக் குற்றம் சாட்டப்பட்ட எழுதத் தெரியாத ஒரு கிறிஸ்தவச் சிறுவனுக்காக 1995இல் வாதாடினார் அஸ்மா ஜஹாங்கீர். விடுவித்த நீதிபதி ஆரிஃப் இக்பால் பட்டி 1997இல் கொல்லப்பட்டார். முல்தானில் மதநிந்தனை வழக்கொன்றில் வாதாடிய வழக்கறிஞர் ரஷீத் ரெஹ்மான் 2014இல். 'முஸ்லிம்கள் அப்படித்தான்' என்று பேசுபவர்களின் கதையில் இவர்களுக்கு இடம் கிடையாது.

5

எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே சனம் இருக்கிறது. அமிர்தசரசிலும் குர்தாஸ்பூரிலும் சூஹ்ரா வழிவந்தவர் வால்மீகி இந்துவாக இருந்தால் பட்டியல் சாதி. மசபி சீக்கியராக இருந்தாலும் பட்டியல் சாதி. கிறிஸ்தவராக இருந்தால் இல்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அப்படிச் சொல்கிறது. பிற்பாடு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே என்று இங்கேயும் அதே தர்க்கம். கல்லறைக்குள் சுவர் எழுப்பி, பிணங்களைக்கூடப் பிரித்து வைத்திருக்கும் தமிழகத் திருச்சபைகளில் சாதி இல்லையாம்!

2019இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான் கிறிஸ்தவர்களையும் பட்டியலில் சேர்த்தது. சரி, லாகூரிலிருந்து 2014க்கு முன்பே ஒரு மசீஹி துப்புரவுத் தொழிலாளி வந்து குடியுரிமை வாங்குகிறார் என்றே வைத்துக்கொள்வோம். இங்கே அவர் யார்? மதத்தால் சிறுபான்மை, சாதியால் தலித், சட்டப்படி தலித் அல்ல. அங்கே கிடைக்காத பெயர் இங்கேயும் கிடைக்காது. துடைப்பம் மட்டும் கிடைக்கும்.

அந்த இளைஞருக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: தம்பி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பாகிஸ்தானில் கிறிஸ்தவர்கள் கொடுமைப்படுத்தப்படுகிறார்கள். அதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் பாதியில் நிறுத்தாதீர்கள். அந்தப் பெண் நீட்டிய தண்ணீரை ஏன் குடிக்கவில்லை என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, நம்ம ஊர் டீக்கடைக்கும் ஒரு நடை போய் வருவோம், வாங்க.