பெட்டி எந்த ஊருக்குப் போகும்?

வெள்ளிக்கிழமை காலையில் ஒடுகத்தூர் பக்கம் போயிருக்கிறீர்களா? வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். வெள்ளிதோறும் அங்கே ஆட்டுச் சந்தை. மே... மே... என்று ஊரே அதிரும்.

ஆடு வளர்த்தவருக்கு விற்பதற்கு மூன்று வழி. வீட்டு வாசலுக்கே வரும் வியாபாரியிடம் மொத்தமாக ஒரு விலை பேசித் தள்ளிவிடலாம். தரகரிடம் ஒப்படைத்து, விற்றுக் கொடுத்ததற்குக் கமிஷன் தரலாம். இரண்டும் வேண்டாமென்றால், தானே கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்தையில் நிற்கலாம். முதல் வழியில் கவலை இல்லை, லாபமும் பெரிதாக இல்லை. கடைசி வழியில் வருகிற காசெல்லாம் நமக்குத்தான். ஆனால், விலை படியாவிட்டால் ஆட்டோடு வீடு திரும்ப வேண்டும்!

இப்போது ஆடு இருக்கிற இடத்தில் ஒரு சினிமாவை வையுங்கள். நாலு நண்பர்களிடம் கடன் வாங்கி நீங்கள் ஒரு படம் எடுத்துவிட்டீர்கள். ஸ்டார் இல்லை, ஃபைட் இல்லை. ஆனால், படம் நன்றாக வந்திருக்கிறது. அதை ஒடுகத்தூர்க்காரர் எப்படிப் பார்ப்பார்?

சினிமா வியாபாரத்தின் மேப்பே தனி. கோடம்பாக்கத்துக்காரரிடம் ஒடுகத்தூர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். 'என்.எஸ்.சி. ஏரியா' என்பார். நார்த் ஆற்காடு, சவுத் ஆற்காடு, செங்கல்பட்டு! வட ஆற்காடு மாவட்டத்தை 1989-ல் பிரித்தார்கள். தென் ஆற்காடு 1993-ல் கடலூர், விழுப்புரம் என்று ஆனது. 2019-ல் வேலூரையே மூன்றாக்கினார்கள். கலெக்டர் ஆபீஸ் போர்டுகள் எத்தனை தடவை மாறினாலும் சினிமாக்காரர் கணக்கு நோட்டில் அதே என்.எஸ்.சி.தான்.

அந்த நோட்டில் காலகாலமாக மூன்று வகை ஒப்பந்தம். முதலாவது, அவுட்ரைட். ஒரு பேச்சுக்கு, உங்கள் படத்தின் என்.எஸ்.சி. உரிமையைப் பத்து லட்சத்துக்கு விற்கிறீர்கள். விநியோகஸ்தர் கைக்கு இருபத்தைந்து வந்தால் மிச்சம் பதினைந்தும் அவருக்கு. நாலுதான் வந்தது என்றால் ஆறு லட்சம் நஷ்டமும் அவருக்கே.

இரண்டாவது, எம்.ஜி. எம்.ஜி.ஆர். இல்லை... மினிமம் கியாரண்டி! ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு நிச்சயம் என்று ஒரு தொகை கைமாறும். வசூல் அதைத் தாண்டினால், மேலே வருவதைப் பேசிய விகிதத்தில் பங்கு போட்டுக்கொள்வார்கள். மூன்றாவது, கமிஷன். விநியோகஸ்தர் தரகர் மாதிரி. பிரின்ட் செலவு, போஸ்டர் செலவு, தலைவலி எல்லாம் உங்களுடையது.

சின்னப் படத்துக்கு முதல் இரண்டையும் யாரும் லேசில் தருவதில்லை. விநியோகஸ்தரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை ஸார்... அவரும் வட்டிக்கு வாங்கித்தானே போடுகிறார்!

அப்படியானால் நாலாவது வழி உண்டா? உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பழைய வழி.

1905-ல் திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்ற ரயில்வே ஊழியர், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு புரொஜெக்டரையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றில் ஒன்று, இயேசுவின் வாழ்க்கை பற்றிய படம். வேலையை விட்டுவிட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். ஏரியா இல்லை, கியாரண்டி இல்லை. கூடாரம் அடித்த இடம்தான் தியேட்டர். பிறகு 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரத் தியேட்டரே கட்டினார். அதாவது, தமிழ்நாட்டில் சினிமா வியாபாரம் ஆரம்பித்ததே ஜனங்கள் இருக்கிற இடத்துக்குப் படத்தைத் தூக்கிக்கொண்டு போனதில்தான்.

தியேட்டர்கள் பெருகின. நடுவில் விநியோகஸ்தர் வந்தார். பாதை அவர் கைக்குப் போனது. அந்தப் பாதை கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் ஜான் ஆபிரகாம். ஹிந்தி நடிகர் இல்லை, இவர் கேரளத்துக்காரர். எல்.ஐ.சி. உத்தியோகத்தை உதறிவிட்டு, புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் படித்தவர்.

1977-ல் ஜான் தமிழில் எடுத்த படம் 'அக்ரஹாரத்தில் கழுதை'. திரைக்கதை வெங்கட் சாமிநாதன். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன்தான் கதையின் மையமான பேராசிரியர். அவர் ஒரு கழுதைக்குட்டியை எடுத்து வளர்க்கிறார். அக்ரஹாரமே கொதிக்கிறது. கழுதையைக் கொல்கிறார்கள். பிறகு அதையே கும்பிடுகிறார்கள்! அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. தியேட்டர்? கிடைக்கவில்லை. எதிர்ப்பும் கிளம்பியது. 1989-ல் தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக இருந்து, எதிர்ப்பால் அதையும் ரத்து செய்தது. விருது டெல்லியில் கிடைத்தது. தமிழில் எடுத்த படத்தைத் தமிழ்நாட்டு ஜனங்கள் பார்க்கவில்லை. பெட்டி எந்த ஊருக்கும் போகவில்லை.

இந்த அடி வாங்கிய ஜான் அடுத்து செய்ததுதான் விசேஷம். 1984-ல் நண்பர்களோடு 'ஒடேஸா' என்று ஒரு மக்கள் இயக்கம் தொடங்கினார். தயாரிப்பாளரைத் தேடவில்லை. சாப்ளினின் 'தி கிட்' படத்தை எடுத்துக்கொண்டு கேரள கிராமங்களுக்குக் கிளம்பினார்கள். படத்தைத் திரையிட்டு, துண்டு ஏந்தாத குறையாகப் பணம் திரட்டினார்கள். அந்தக் காசில் 1986-ல் உருவானது 'அம்ம அறியான்'. இறந்துபோன ஓர் இளைஞனின் சேதியை அவன் அம்மாவுக்குச் சொல்லப் புறப்படும் ஒருவன், வழியெல்லாம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டே போகிற கதை. படம் எடுக்கப்பட்ட விதமும் அப்படித்தானே! முடிந்ததும் காசு கொடுத்த ஜனங்களிடமே கொண்டுபோய் இலவசமாகக் காட்டினார்கள்.

கவனியுங்கள்... 'கழுதை'யில் படம் முதலில், பாதை பிறகு. 'அம்ம அறியா'னில் பாதை முதலில், படம் பிறகு. 'தி கிட்' போன வழியிலேயே ஜானின் படமும் போனது.

பி.காம். படித்தவன் என்பதால் இந்தக் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் காட்டினால் அடுத்த படத்துக்கு முதல் வராது. மறுபடி ஜனங்களிடம்தான் போக வேண்டும். போவதற்கு ஜான் இல்லை. 1987 மே 31-ல் கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து, 49 வயதில் போய்விட்டார். ஒரு மனிதரின் மூச்சில் ஓடுகிற பாதை, அவரோடு நின்றுபோகும் ஆபத்து எப்போதும் உண்டு.

இங்கேயும் முயற்சிகள் நடந்தன. 2015-ல் சேரன் 'சினிமா டு ஹோம்' என்று ஆரம்பித்து, 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை டி.வி.டி-யாக நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். தொடர்ந்து நடத்த முடியவில்லை. பிலிம் போய் டிஜிட்டல் வந்ததே, செலவு மிச்சம் என்று நினைத்தோம். புரொஜெக்ஷன் கட்டணம் வந்து உட்கார்ந்தது. அதை எதிர்த்து 2018 மார்ச் 1 முதல் நாற்பது நாளுக்கும் மேல் தயாரிப்பாளர்கள் புதுப் படங்களையே நிறுத்தி வைத்தார்கள்.

வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-ல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருதை வென்றது. மேலூர்ப் பக்கத்துப் பொட்டல் வெயிலில் எடுத்த படம். சோனி லிவ் வழியாக அது நம் வீட்டுக்கு வந்தது 2023 அக்டோபரில்! ஓ.டி.டி. என்பது என்ன? ஆட்டுக்காரர் வாசலில் நிற்கிற அதே மொத்த வியாபாரிதான். பிடித்திருந்தால் ஒரு விலை சொல்வார். இல்லாவிட்டால் அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

ஆகவே, கேமராவை வாடகைக்கு எடுப்பதற்கு முன்னால் ஒரு பேப்பரில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். என் படத்தைப் பார்க்கப்போகிறவர் யார்? எங்கே உட்கார்ந்து பார்ப்பார்? அவரிடம் யார் காசு வாங்குவார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பட்ஜெட்டைக் குறையுங்கள். முதல் கேள்விக்கே பதில் தெரியாவிட்டால்... கொஞ்சம் பொறுங்கள்.

ஆடு வளர்க்கிறவர் குட்டி வாங்கும்போதே எந்தச் சந்தையில் விற்பது என்று யோசித்துவிடுவார். நாம்தான் ஆட்டைக் கொழுக்க வளர்த்துவிட்டு, சந்தை எந்தக் கிழமை என்று பிறகு விசாரிக்கிறோம்!