போர் முடிந்த திகதியும் காயத்தின் காலமும்: வட இலங்கை மனவடு ஆய்வுகள் குறித்து

போரின் மனவடுவை அளக்கும் பொதுச்சுகாதார ஆய்வுகளில் பெரும்பாலானவை ஓர் எளிய கால வரிசையை நம்பியிருக்கின்றன. கொடிய நிகழ்வு ஒன்று நடந்தது, முடிந்தது. அது விட்டுச்சென்ற அறிகுறிகளைச் சில மாதமோ ஆண்டோ கழித்து வினாக்கொத்தைக் கொண்டு எண்ணுகிறோம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக்குள் மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு நோய் (பி.டி.எஸ்.டி.) நுழைந்த பிறகு இந்த வரிசை பரவலாக நிலைபெற்றது. வட இலங்கை மக்களின் நிலைக்கு இது பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே நிலமிழப்பும், முகாம் வாழ்வும், காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் அலைச்சலும் போர் ஓய்ந்த பின்னும் காயத்தை நாள்தோறும் உண்டாக்கி வந்திருக்கின்றன. அவற்றைப் பின்னணித் தகவலாக ஒதுக்கும் ஆய்வு, நோய்க்காரணத்தின் பெரும்பகுதியைக் கணக்கிலிருந்து நழுவ விடுகிறது.

2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு ஜூலை முதல் செப்டெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்ட குடும்பக் கணக்கெடுப்பின் முடிவுகள் 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தன. பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் 7.0 விழுக்காட்டினரிடமும், மனச்சோர்வு 22.2 விழுக்காட்டினரிடமும், பதகளிப்பு 32.6 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. போருக்கே உரிய நோயாகக் கருதப்படுவதுதான் மூன்றில் மிகச் சிறிய எண். அப்போதும் இடம்பெயர்ந்த நிலையில் இருந்தவர்களிடம் மூன்றுமே, நிலையாக வாழ்ந்தவர்களைவிடத் தெளிவாக மிகுந்திருந்தன.

ஆனால், அனுபவித்த கொடிய நிகழ்வுகளின் எண்ணிக்கையைச் சரிக்கட்டியதும் இடப்பெயர்வுக்கும் அறிகுறிகளுக்குமான தொடர்பு மறைந்துவிட்டது. என் வாதத்தை எதிர்ப்பவர் முதலில் எடுத்து வைக்கக்கூடிய சான்று இதுதான்: மக்களை வருத்தியது கண்ட கொடுமையே, முகாம் அல்ல. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த ஆய்வு பயன்படுத்திய ஹார்வர்ட் வினாக்கொத்தின் மூலப் பட்டியலில் குண்டுவீச்சும் சித்திரவதையும் மட்டுமில்லை. உணவும் நீரும் கிடைக்காமை, தங்க இடமின்மை, நோயுற்றும் மருத்துவம் பெறமுடியாமை ஆகியவையும் கொடிய நிகழ்வுகளாகவே எண்ணப்படுகின்றன. இடம்பெயர்ந்தவரை இடப்பெயர்வு வருத்தும் வழிகளே இவை. அவ்வழிகளைக் கணக்கில் சமன்செய்துவிட்டு, இடப்பெயர்வுக்குத் தனி விளைவு இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஒருமுறை மட்டும் எடுக்கப்படும் கணக்கெடுப்பில் இந்தச் சிக்கலை அவிழ்க்கவும் வழியில்லை.

நீண்ட காலம் கடந்தால் என்ன ஆகிறது என்பதற்குப் புத்தளம் அரிய சான்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணிநேரமே. ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தார்கள். அவர்களில் மிகப் பலர் புத்தளம் மாவட்டத்தில் தங்கினார்கள். சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அங்கு 450 பேரிடம் நடத்திய ஆய்வு 2013இல் வெளியானது. பொதுவான மனநோய்களில் ஏதேனும் ஒன்று 18.8 விழுக்காட்டினருக்கு இருந்தது. பி.டி.எஸ்.டி. 2.4 விழுக்காடுதான். உடல் நோவாக வெளிப்படும் மனநோயோ 14.0 விழுக்காடு. கருவிகள் வேறு என்பதால் இவ்வெண்களை யாழ்ப்பாண எண்களோடு நேராக ஒப்பிடக் கூடாது. இந்த ஆய்வுக்குள்ளேயே தெரியும் உருவம்தான் முக்கியம். பி.டி.எஸ்.டி.யை மட்டும் தேடிப் போயிருந்தால், இம்மக்கள் தேறிவிட்டார்கள் என்று எழுதியிருப்போம். நித்திரை இல்லை, நெஞ்சு அடைக்குது, தலையிடி மாறுதில்லை என்று வைத்தியரிடம் வருபவர்களை அந்த எண் காட்டாது. மனநோயோடு தொடர்புடையனவாக அந்த ஆய்வு கண்டவை எவை? வேலையின்மை, துணையை இழந்தோ பிரிந்தோ வாழ்தல், போதிய உணவின்மை. மூன்றும் அன்றைய வாழ்வின் நிலைமைகள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடம் இந்த வாதம் இன்னும் கூர்மை பெறுகிறது. 1990 முதல் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் பதிவானவர்கள் மட்டும் 16,000க்கும் மேல். இறப்பு உறுதியாகாமல் அந்தியேட்டி செய்ய முடியாது. திவசத்துக்குத் திதி இல்லை. பொட்டு வைக்கும் மனைவியையும் ஊர் பேசும், அழிக்கும் மனைவியையும் ஊர் பேசும். இறந்ததாகச் சொல்லாமல் ‘காணவில்லை’ என்று மட்டும் பதியும் சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அதே ஆண்டு சட்டமான காணாமற்போனோர் அலுவலகம் 2018இல் இயங்கத் தொடங்கியது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தாய்மார் தொடங்கிய போராட்டம் அதற்குப் பின்னும் ஓயவில்லை. இத்தாய்மாரில் ஒருவரிடம் ‘அந்த நிகழ்வுக்குப் பின்’ என்று தொடங்கும் கேள்வியைக் கேட்பது முறையியல் பிழை. அதைவிட, அவருக்குச் செய்யும் அநீதி. பிள்ளை காணாமல் ஆக்கப்பட்ட நாள் கடந்ததுதான். விடை மறுக்கப்படும் நாளோ இன்றைய நாள்.

தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய கட்டுரை, காயத்தைத் தனியாளிடமிருந்து குடும்பத்துக்கும் ஊருக்கும் விரித்துக் கூட்டு மனவடு என்று விளக்கியது. மில்லரும் ராஸ்முசனும் 2010இல் அன்றாட நெருக்கீடுகளைப் போர் அனுபவத்துக்கும் மனநலத்துக்கும் இடையில் வைத்துக் காட்டினார்கள். இருவழிகளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். இரண்டாவதில் ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாம் வறுமையே என்று சொல்லிவிட்டால், ஷெல் அடித்தவரும் ஆளைக் கொண்டுபோனவரும் கணக்கிலிருந்து தப்பிவிடுவார்கள். கனவில் அலறி எழும் மனிதருக்கு வேண்டிய சிகிச்சையும் மறுக்கப்படும். ஆகவே நிலம் திரும்பாமையையும் விடை கிடைக்காமையையும் வெறும் அன்றாடத் தொல்லைகளாக எண்ணக் கூடாது. அவை யாரோ எடுத்த முடிவுகள். வன்முறையின் தொடர்ச்சியாகவே அவை அளக்கப்பட வேண்டும்.

அளக்க வழியும் இருக்கிறது. 1990இல் வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்கு மக்கள் பலர், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட தம் வீடுகளை எட்ட இருந்து பார்த்தபடி நலன்புரி நிலையங்களில் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். காணிகள் ஒரே நாளில் திரும்பவில்லை. பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் கிடைத்தது. ஒரே ஊர், ஒரே இடப்பெயர்வு, ஒரே போர். திரும்பிய ஆண்டு மட்டும் வேறு. காணி பெற்றவரையும் பெறாதவரையும் ஆண்டுதோறும் தொடர்ந்து கவனித்தால், திரும்புதல் உடலுக்கும் மனதுக்கும் என்ன செய்கிறது என்பதை ஒற்றைக் கணக்கெடுப்புகள் எவற்றையும்விடத் தெளிவாக அறியலாம். கடலை மீண்டும் எட்டிய மீனவரையும் தோட்டம் கிடைத்தும் கிணறு தூர்ந்துபோன விவசாயியையும் அத்தகைய ஆய்வு பிரித்துக் காட்டும். மீள்குடியேற்றத் திகதிகள் பிரதேச செயலகங்களில் இருக்கின்றன. நோயாளர் பதிவுகள் வைத்தியசாலைகளில் இருக்கின்றன. மக்களின் ஒப்புதலோடும், தனிப்பட்ட விவரங்கள் பாதுகாப்புத் தரப்பின் கைக்குப் போகாது என்ற உறுதியோடும் இவ்விரண்டையும் இணைக்கும் வேலையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் போன்ற உள்ளூர் நிறுவனம் ஏற்க வேண்டும். வெளியிலிருந்து வரும் குழு ஒருமுறை கேட்டுவிட்டுப் போகும். அடுத்த ஆண்டும் அதே படலையைத் தட்டி, போன ஆண்டு சொன்னதற்கு என்ன ஆனது என்ற கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவர்களே இந்த ஆய்வைச் செய்ய முடியும்.