எந்திர வேகமும் முத்தொகை வினாவும்

எந்திரத்தை ஆக்குதல் ஒரு கலை. அதன் வேகத்தை அடக்கியாளுதல் மற்றொரு கலை. முன்னதன் வரலாற்றைப் பாடநூல்கள் விரித்துரைக்கின்றன. பின்னதைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர்க்கோ இந்த இரண்டாம் வரலாறு மிக நெருங்கிய உறவுடையது. அவர்கள் உழைத்த தொழிற்சாலைகளில் வேகத்தை ஒரு காலத்தில் கப்பி ஆண்டது. இன்று கணக்கு ஆள்கிறது. இம்மாற்றம் நிகழ்ந்த வகையையும், அது நம் கணக்கு வகுப்புக்கு உணர்த்துவதையும் இங்கே காண்போம்.

கையும் உருளையும்

நீராவி எஞ்சினின் வேகத்தைச் சீராக வைக்க 1788-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் ‘கவர்னர்’ என்னும் கருவியைப் பொருத்தினார். சுழலும் தண்டில் இரண்டு இரும்புக் குண்டுகள் தொங்கும். வேகம் கூடினால் அவை அகன்று எழுந்து நீராவி வழியைக் குறுக்கும். வேகம் தணிந்தால் தாழ்ந்து வழியைத் திறக்கும். இக்கருவியின் நடத்தையை மாக்சுவெல் என்னும் அறிஞர் 1868-இல் கணித முறையில் ஆராய்ந்தார். வேகத்தை ஆள்வது கணக்கே என்னும் எண்ணம் அன்றே வேரூன்றிவிட்டது எனலாம்.

அதே காலத்தில், 1867-இல், இலங்கையின் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடலானார். தொடக்கத்தில் கொழுந்தைக் கையாலேயே உருட்டினர். மனிதக் கையின் வேகமே தொழிலின் வேகமாயிருந்தது. பின்னர் 1870-களில் உருட்டும் பொறிகள் வந்தன. வில்லியம் ஜாக்சன் அமைத்த உருளைகளும், சாமுவேல் டேவிட்சன் அமைத்த ‘சிராக்கோ’ உலர்த்திகளும் அசாமிலும் இலங்கையிலும் பரவின. நம் கேமரன் மலையை வில்லியம் கேமரன் அளந்து குறித்தது 1885-இல். ரசல் என்பார் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். ஆகவே இம்மலைக்குத் தேயிலை வந்தபோது, பொறியும் உடன் வந்தது.

இரும்பில் வார்த்த கணக்கு

பழைய தொழிற்சாலைகளில் ஓர் எஞ்சின் பல பொறிகளை ஓட்டும். கூரைக்குக் கீழே நெடுகச் செல்லும் இரும்புத் தண்டை அது சுழற்றும். தண்டின் கப்பிகளிலிருந்து வார்ப்பட்டைகள் இறங்கி ஒவ்வொரு பொறியையும் இயக்கும். தண்டு நிமிடத்திற்கு 200 சுற்றுச் சுற்றுவதாகக் கொள்வோம். தண்டின் கப்பி 24 அங்குலமும் பொறியின் கப்பி 8 அங்குலமும் ஆனால், பொறி 600 சுற்றுச் சுற்றும். விட்டத்தைச் சுற்றால் பெருக்கிய தொகை இருபுறமும் ஒன்றாதலே விதி. வேகத்தை மாற்ற விரும்பினால் கப்பியைக் கழற்றி வேறொன்று மாட்டவேண்டும். கப்பி என்பது இரும்பில் வார்த்து வைத்த ஒரு பெருக்கல் வாய்பாடு என்று சொன்னால் பிழையாகாது.

1930-ஐ ஒட்டி அசாமில் மக்கெர்ச்சர் உருவாக்கிய சி.டி.சி. பொறி இதற்குச் சிறந்த சான்று. பல் வெட்டிய இரண்டு உருளைகள் ஒன்றையொன்று நோக்கிச் சுழலும். ஒன்றன் வேகம் மற்றதைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. 70 சுற்றுக்கு 700 சுற்று. இவ்வேறுபாட்டினாலேயே இலை நசுங்கிக் கிழிந்து சுருளுகிறது. ஒன்றுக்குப் பத்து என்னும் விகிதம் குலைந்தால் தூளின் தரமும் குலையும்.

மின்மோட்டாரின் பிடிவாதம்

நிக்கோலா தெஸ்லா 1888-இல் உரிமம் பெற்ற மாறுமின் மோட்டார் உறுதியானது. ஆனால் பிடிவாதம் மிக்கது. மின்னோட்டத்தின் அலைவெண்ணை 120-ஆல் பெருக்கித் துருவங்களின் எண்ணால் வகுத்தால் அதன் வேகம் கிட்டும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அலை. நான்கு துருவ மோட்டாருக்கு 50 × 120 ÷ 4 = 1,500 சுற்று. சுமை ஏறியதும் சற்றே குறையும். வேறு வேகம் தராது.

நீலகிரியின் பைக்காரா நீர் 1932 முதல் மின்சாரம் தந்து கோவை ஆலைகளை ஓட்டியது போல, 1960-களின் தொடக்கத்தில் ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்து, இம்மலையின் ஆறுகளும் மின்சாரமாயின. ஆயினும் மோட்டாரின் பிடிவாதம் தளரவில்லை. வாட்டும் தொட்டிக்குக் காற்றைக் குறைக்க வேண்டுமாயின், காற்றாடியை முழு வேகத்தில் ஓடவிட்டுக் காற்று வழியைத் தகட்டால் அடைத்தனர். குதிரையை ஓடவிட்டுக்கொண்டே வண்டிச் சக்கரத்தைக் கட்டையால் தடுப்பதற்கு இது ஒப்பாகும்.

எண் ஆளத் தொடங்கியது

1957-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ‘தைரிஸ்டர்’ உருவாயிற்று. 1968-இல் டென்மார்க்கின் டான்பாஸ் நிறுவனம் அலைவெண்ணை மாற்றும் கருவியைப் பெருமளவில் ஆக்கத் தொடங்கியது. நம் பட்டறைகளில் ‘இன்வெர்ட்டர்’ என வழங்குவது இதுவே. வரும் மின்சாரத்தை இது நேர்மின்னாக்கி, வேண்டிய அலைவெண்ணில் மீண்டும் மாறுமின்னாக்கும். 30 அலை தந்தால், 1,500 சுற்று மோட்டார் 900 சுற்றுக்கு இறங்கும். 1969-இல் ‘மோடிகான்’ என்னும் கட்டுப்பாட்டுக் கணிப்பொறி தொழிற்சாலைக்கு வந்தது. இவ்வகைக் கருவிகள் வளர வளர, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகியவை அவற்றினுள்ளேயே ஆயத்தமாக அமைந்தன. எந்த எண்ணை எந்தக் கணக்கில் புகுத்துவது என்று சொல்வதே இன்று ஆள்பவர் வேலை.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். புதிதாகப் பறித்த கொழுந்தில் ஐந்தில் நான்கு பங்களவு நீர். வாட்டத் தொடங்கும்போது மிகுந்த காற்று வேண்டும்; வாட வாடக் குறைந்த காற்றே போதும். தேவையைக் காட்டும் அளவு 100 ஆகும்போது 50 அலை என்றால், 60 ஆகும்போது எத்தனை அலை? 60 × 50 ÷ 100 = 30. இச்சிறு கணக்கின் பயன் பெரிது. காற்றாடி உண்ணும் ஆற்றல் ஏறத்தாழ வேகத்தின் கனத்தைப் பொறுத்தது. வேகம் பத்தில் ஆறானால், ஆற்றல் ஆயிரத்தில் 216. அதாவது ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே மிஞ்சும். வேகம் மிகத் தாழ்ந்தால் மோட்டாரின் தண்டில் உள்ள குளிர்விசிறியும் தளர்ந்து மோட்டார் சூடேறும். ஆதலால் கீழெல்லை ஒன்றையும் எண்ணாகவே குறித்து வைப்பர்.

பெருக்கலா, வகுத்தலா, எது முதல்?

மேற்கண்ட கணக்கில் முதலில் வகுத்துப் பிறகு பெருக்கினால் என்ன? தாளில் விடை மாறாது, பொறியில் மாறும். முழு எண்களை மட்டும் கையாளும் கட்டுப்பாட்டுக் கருவிக்கு 60 ÷ 100 என்பது பூச்சியம். பூச்சியத்தை 50-ஆல் பெருக்கினாலும் பூச்சியமே. காற்றாடி நின்றுவிடும், கொழுந்து புழுங்கிக் கெடும். ஆதலின் முதலில் பெருக்கி, பின்னரே வகுத்தல் வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 16 இலக்க இரும எண்ணில், குறியையும் சேர்த்து எழுதினால், 32,767-க்கு மேல் அடங்காது. அலைக்குப் பதிலாகச் சுற்றைக் கொண்டு 60-ஐ 1,500-ஆல் பெருக்கினால் 90,000 வரும்; பாத்திரம் வழிந்துவிடும். பின்னத்தையும் பேரெண்ணையும் தாங்கும் கருவிகள் இன்று உண்டு. ஆயினும் இம்முறையை அறியாதவர் கையில் நல்ல கருவியும் தவறு செய்யும்.

தமிழ் ஆசிரியர் இங்கே வியந்து நிற்கலாம். மூன்று தொகைகளை அறிந்து நான்காவதைக் காணும் இக்கணக்கே நம் முன்னோர் ‘முத்தொகை வினா’ என்றும் ‘திரைராசிகம்’ என்றும் வழங்கியது. கி.பி. 499-இல் ஆரியபடர் தம் ஆரியபடீயத்தில் இதற்கு வகுத்த முறை, முதலில் பெருக்கிப் பின் வகுப்பதே. வர்க்கமூலமும் கனமூலமும் காணும் வழிகளும் அந்நூலில் உள்ளன. பின்னத்தைக் கூடியவரை தள்ளிப்போடுதல் கையால் கணக்கிடுவோர்க்கு எளிமை தந்தது. முழு எண் கருவிக்கோ அது இன்றியமையாதது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் பொன்னுக்கும் நெல்லுக்கும் நிலத்துக்கும் கணக்குச் சொன்னது. முந்திரி என்னும் 320-இல் ஒரு பங்கையும் சிந்தவிடாமல் எண்ணிய மரபு அது. பின்னம் சிந்தினால் பொருள் சிந்தும் என்பதைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளையும் அறிந்திருந்தான்.

வகுப்பறைக்கு

முன்னாளில் தொழிற்சாலைத் தமிழர், வார் வழுக்குவதையும் உருளை திணறுவதையும் ஓசை கேட்டே உணர்ந்தனர். அஃது அருமையான அறிவு. ஆனால் அவ்வறிவு செவியில் இருந்தது, ஏட்டில் ஏறவில்லை. அவர் ஓய்வு பெற்றபோது அதுவும் உடன் சென்றது. இன்று பொறியின் அறிவு மின்பலகையின் உள்ளே எண்ணாக இருக்கிறது. எண்ணை அறிந்தவர் பலகையைத் திறப்பார். அறியாதவர் அதன் வெளிப்புறத்தைத் துடைப்பார்.

இன்று கொழுந்து பறிப்போருள் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் கூடைக்குத் திரும்ப வேண்டுவதில்லை. ஆனால் தம் பாட்டன்மார் ஓட்டிய பொறிகளை ஆளும் தொழில்நுட்பராக அவர்கள் வருதல் தகும். அதற்கான முதற்படி தொழிற்கல்லூரியில் இல்லை. நான்காம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நாம் கற்பிக்கும் விகிதக் கணக்கில் இருக்கிறது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று சொல்வேன். விகிதத்தை மாம்பழத்தையும் மிட்டாயையும் கொண்டு மட்டும் கற்பித்தல் போதாது. இரண்டு நூற்கண்டு உருளைகளையும் ஒரு ரப்பர் வளையத்தையும் கொண்டு கப்பிக் கணக்கைக் கண்ணாற் காட்டலாம். விடை சரியா என்று கேட்பதோடு நில்லாமல், எதை முதலில் செய்தாய், ஏன் செய்தாய் என்றும் கேட்க வேண்டும். விடையைப் பொறி தரும். முறையை மனிதனே தரவேண்டும். அம்முறையைக் கற்றுத் தரும் பொறுப்பு நம்முடையது.