சரபமும் சைக்கிளும்: மைசூர்ப் பெயர் சந்தைக்குப் போன கதை

மைசூரிலிருந்து வருகிறேன் என்று சொன்னால், என்ன வாங்கி வரட்டும் என்று உறவினர்களைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மாதுங்காவில் இருக்கும் அத்தைக்கு ஊதுபத்தி, மாம்பலத்துச் சித்திக்குச் சந்தன சோப், டில்லி மாமாவுக்கு மைசூர்பாகு, கல்யாணம் நிச்சயமான பெண் வீட்டில் இருந்தால் ஒரு பட்டுப் புடவை. இவை எல்லாம் இப்போது அந்தந்த ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன. ஆனாலும் "மைசூரிலிருந்து வந்தது" என்றால் அதற்குத் தனி மதிப்பு.

முப்பது வருஷங்களுக்கு மேலாக இந்த ஊரில் வசிப்பவன், வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் பல காலம் இருந்தவன் என்ற முறையில், இந்த மதிப்பு எப்படி உண்டாயிற்று என்று அடிக்கடி யோசித்திருக்கிறேன். நல்ல சரக்கு இருந்தது என்பது வாஸ்தவம். ஆனால் நல்ல சரக்கு உள்ள ஊர்கள் நம் தேசத்தில் எத்தனையோ உண்டு. இங்கே சிலர் உட்கார்ந்து, பெட்டி எப்படி இருக்க வேண்டும், அதன் மேல் என்ன படம் போட வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது எப்படி அடையாளம் தெரியும் என்று மெனக்கெட்டார்கள். சிறு வியாபாரம் செய்யும் நம் அங்கத்தினர்களுக்கு உதவும் என்பதால் அந்தச் சரித்திரத்தை எழுதுகிறேன்.

சந்தனத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திப்பு சுல்தான் 1792ல் சந்தன மரத்தை அரசுக்கு உரியது என்று அறிவித்தார். பிற்பாடு உடையார்கள் காலத்திலும் அது அப்படியே தொடர்ந்தது. மரம் ஏலத்தில் போகும். ஐரோப்பாவுக்கு, முக்கியமாக ஜெர்மனிக்குக் கப்பலேறும். அங்கே எண்ணெய் வடிப்பார்கள். நாம் விற்றது கட்டை, லாபம் எண்ணெயில். 1914ல் முதல் உலக யுத்தம் வந்ததும் கப்பல் நின்றது, கட்டைகள் கிடங்கில் தேங்கின. அப்போது நாலாம் கிருஷ்ணராஜ உடையார் மகாராஜா. 1912 முதல் 1918 வரை எம். விஸ்வேஸ்வரய்யா திவான். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் எண்ணெய் வடிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்து, 1916ல் பெங்களூரிலும் அடுத்த வருஷம் மைசூரிலும் வடிக்க ஆரம்பித்தார்கள்.

சோப் யோசனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். மகாராஜாவுக்கு யாரோ சந்தன எண்ணெய் சேர்த்த சோப்புகளைப் பரிசாகக் கொடுத்தார்களாம். நம் எண்ணெயில் நாமே செய்தால் என்ன, ஜனங்களும் வாங்கட்டுமே என்று அவர் திவானிடம் சொன்னாராம். எப்படியானாலும், சோசலே கரளபுரி சாஸ்திரி என்ற இளம் ரசாயன நிபுணர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். திரும்பி வந்து, சந்தன எண்ணெயை வாசனை கெடாமல் சோப்பில் சேர்க்கும் முறையை அவர் வகுத்தார். 1918ல் மைசூர் சாண்டல் சோப் விற்பனைக்கு வந்தது.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். சாஸ்திரியார் ரசாயனம் படித்தவர். சோப் நன்றாக அமைந்ததும் தம் வேலை முடிந்தது என்று அவர் ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அவர் பெட்டியில் கை வைத்தார். அந்நாளில் சோப் என்றால் செவ்வகக் கட்டி, இவர் நீள்வட்டமாக்கினார். நம் ஜனங்களுக்கு நகை மேல் உள்ள ஆசையை நினைத்து, பூவேலைப்பாடும் நல்ல வர்ணமும் உள்ள, நகைப்பெட்டி போன்ற அட்டைப்பெட்டி செய்தார். உள்ளே சோப்பைச் சுற்றியது, நகைக் கடையில் தங்கத்தை மடித்துக் கொடுப்பார்களே, அதைப் போன்ற மெல்லிய வெள்ளைக் காகிதம். பெட்டி மேல் கன்னடத்தில் ஒரு வாசகம்: சந்தனத்தின் தாய்வீட்டிலிருந்து வருகிறது என்று அர்த்தம். கன்னடத்தில் 'தவரு' என்றால் பிறந்தகம். பெண்களுக்குப் பிறந்தகத்திலிருந்து வரும் சீர் என்றால் எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தொழில் ரகசியம் எண்ணெயில் இருந்ததென்றால், வியாபார ரகசியம் அந்த ஒரு சொல்லில் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

முத்திரைக்குச் சரபத்தை எடுத்துக்கொண்டார். நம்மவர்களுக்குச் சரபம் என்றதும் திருபுவனம் சரபேஸ்வரர் ஞாபகம் வரும், இது வேறு. சிங்க உடலும் யானைத் தலையும் கொண்ட மிருகம், நம் கோவில் தூண்களில் உள்ள யாளிக்கு உறவு. மைசூர் அரச சின்னத்தில் கண்டபேருண்டத்தின் இரு பக்கமும் நிற்பது இதுவே. தைரியத்துக்குச் சிங்கம், புத்திக்கு யானை. பார்த்தவுடன் இது மைசூர் அரண்மனை சம்பந்தப்பட்டது என்று தெரியும். வேறு யாரும் அதைப் போடத் துணியமாட்டார்கள். இந்தியாவில் வர்த்தக முத்திரைகளைப் பதிவு செய்யும் சட்டம் 1940ல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் தேர்வின் சாமர்த்தியம் புரியும்.

இவ்வளவுக்கும் பிறகே விளம்பரம். பத்திரிகைகளில் வந்தது, பெரிய நகரங்களில் பலகைகள் வைக்கப்பட்டன, டிராம் டிக்கெட்டிலும் தீப்பெட்டியிலும் சோப் பெட்டியின் படம். கராச்சியில் ஒட்டக ஊர்வலமே விட்டார்கள். கராச்சிக்கு யானையை அனுப்பாமல் அந்த ஊருக்குப் பழக்கமான ஒட்டகத்தைப் பிடித்ததை நான் ரசிக்கிறேன்.

சரி, அது அரசாங்கம். கையில் கஜானா இருந்தது. சின்ன முதலில் தொழில் செய்பவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். அதற்கும் மைசூரிலேயே பதில் இருக்கிறது. 1948ல் என். ரங்கா ராவ் என்பவர் இங்கே ஊதுபத்தித் தொழில் ஆரம்பித்தார். ஊதுபத்தி அப்போதே பலர் வீட்டில் உருட்டி விற்ற சரக்கு. வாசனையில் வித்தியாசம் காட்டலாம், ஆனால் கடையில் நிற்பவர் பொட்டலத்தைக் கொளுத்திப் பார்த்தா வாங்குவார்? அவர் வைத்த பெயர் 'சைக்கிள்'. பூஜைப் பொருளுக்குச் சாமி பெயர் வைப்பது வழக்கமாக இருந்த காலத்தில் இது விசித்திரமாகவே தோன்றியிருக்கும். எந்த மொழிக்காரரும் பார்த்தவுடன் சொல்லக்கூடிய பெயர், எல்லோருக்கும் பழக்கமான வண்டி என்பதே காரணம் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். கல்கத்தாவிலும் காசியிலும் ஒரு குழந்தையைக் கடைக்கு அனுப்பினால்கூட "சைக்கிள் பத்தி" என்று கேட்டு வாங்கி வந்துவிடும். மூன்றாம் தலைமுறை நடத்தும் அந்த ஸ்தாபனம் இன்றும் மைசூரிலேயே இருக்கிறது.

நம் பக்கத்திலும் இந்தச் சூட்சுமம் தெரிந்தவர்கள் உண்டு. விருதுநகரில் 1916ல் பிறந்த காளி மார்க் சோடா ஒன்று. இன்னொரு வழி, பேச்சைப் பிடித்துக்கொள்வது. "பேஷ் பேஷ்" என்ற நம் அகத்து வார்த்தையை வைத்து நரசுஸ் காபி தமிழ்நாடு முழுவதும் விற்றது. அதைப் பரிகாசம் என்று கோபித்துக்கொண்டவர்களும் உண்டு. காபி நன்றாக இருக்கிறது என்பதற்கு நம்மவர் சாட்சி சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளும் என்று விளம்பரக்காரர் நினைத்திருக்கிறாரே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மைசூரில் வாழ்ந்த நம்மவர் ஒருவரையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். ராசிபுரம் கிருஷ்ணஸ்வாமி நாராயணஸ்வாமி என்றால் பலருக்குத் தெரியாது, ஆர்.கே. நாராயண் என்றால் உலகத்துக்கே தெரியும். 1935ல் முதல் நாவல் லண்டனில் வெளிவந்தபோது பெயரைச் சுருக்கச் சொன்னவர் கிரஹாம் கிரீன். பெயர் வைப்பதில் இதைவிடச் சுருக்கமான ஆலோசனையை எந்த விளம்பரக் கம்பெனியும் கொடுத்திருக்காது. நாராயண் 1940களின் தொடக்கத்தில் 'இந்தியன் தாட்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். அதுவும் நம் இதழைப் போலக் காலாண்டிதழ்தான். கார் விற்பனையில் இருந்த மாமா ஒருவர் சென்னையில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் சந்தா சேர்த்துக் கொடுத்தார். அப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடவில்லை. எழுதுபவரே ஆசிரியர், நிர்வாகி எல்லாம் என்றால் அப்படித்தான். ஆனால் அதே பெயரில் 1942ல் தொடங்கிய புத்தக வெளியீடு நிலைத்தது. யுத்தத்தால் இங்கிலாந்துத் தொடர்பு அறுந்த சமயம், தம் புத்தகத்தைத் தாமே போடுவது என்று இறங்கினார். சந்தனக் கட்டைக்கு வந்த அதே நிலைமை, அதே தீர்வு.

அவர் தம்பி ஆர்.கே. லக்ஷ்மணும் 1921ல் மைசூரில் பிறந்தவர். 1954ல் ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனிக்காக, கையில் பிரஷ்ஷும் நெற்றியில் விழும் தலைமயிருமாக ஒரு குறும்புப் பையனை வரைந்து கொடுத்தார். பெயர் வைக்கப் போட்டி வைத்து, 'கட்டூ' என்று முடிவாயிற்று. பெயிண்ட் அடிப்பவர்கள் கம்பெனிப் பெயரைச் சொல்லமாட்டார்கள், பையன் படம் போட்ட டப்பா என்பார்கள். ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்தப் பையன் உழைத்தான்.

விளம்பரமே இல்லாத மைசூர்ச் சரக்கும் ஒன்று உண்டு. 1937ல் தொடங்கிய அரக்கு, பெயிண்ட் தொழிற்சாலை 1962 பொதுத் தேர்தலிலிருந்து அழியாத மை தயாரிக்கிறது. கடையில் கிடைக்காது, யாரும் வாங்க முடியாது. வோட்டுப் போட்ட ஒவ்வொருவர் விரலிலும் இருக்கிறது.

சாண்டல் சோப் கதைக்குத் திரும்பினால், 1980ல் தொழிற்சாலைகள் கர்நாடகா சோப்ஸ் அண்ட் டிடர்ஜெண்ட்ஸ் என்ற அரசுக் கம்பெனியாயின. 1990களில் பன்னாட்டு சோப்புகளின் போட்டியில் பெரிய நஷ்டம். பிறகு சீரமைத்து 2003க்குள் தலை நிமிர்ந்தது. 2006ல் முதன்முறையாக ஒரு பிரபலத்தை, கிரிக்கெட் வீரர் தோனியை, விளம்பரத் தூதராக வைத்தார்கள். அந்த ஏற்பாடு நிலைக்காமல் வழக்கு வரை போயிற்று. 2025 மே மாதம் நடிகை தமன்னாவை இரண்டு வருஷத்துக்கு 6.2 கோடி ரூபாய்க்கு நியமித்தபோது, கன்னட நடிகை கிடைக்கவில்லையா என்று இங்கே பெரிய கூச்சல். கர்நாடகத்துக்கு வெளியே சந்தை பிடிக்கத்தான் என்று மந்திரி விளக்கினார். எந்த ஊர் நடிகை என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. இந்த சோப்புக்குச் சாஸ்திரியார் ஒரு முகம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதற்கு மேல் இன்னொரு முகம் வேண்டுமா என்பதே என் கேள்வி. 2014ல் ஊரின் பெயர் மைசூரு ஆயிற்று. சோப் பெட்டியில் மைசூர் மாறவில்லை. அதே வருஷம் திறந்த பெங்களூர் மெட்ரோ நிலையம் ஒன்றின் பெயர் 'சாண்டல் சோப் ஃபேக்டரி'. காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம் இது.

இவ்வளவு புகழ் இருந்தால் திருட்டும் வரும். 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் போலி மைசூர் சாண்டல் சோப் தயாரித்த இடம் பிடிபட்டது; சுமார் 2 கோடி ரூபாய்ச் சரக்கு என்றார்கள். பெட்டியைத்தான் அச்சு அசலாகக் காப்பியடித்திருந்தார்கள்.

ஊர்ப் பெயரைக் காப்பாற்றப் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999ல் இயற்றப்பட்டு 2003ல் அமலுக்கு வந்தது. மைசூர்ப் பட்டு, மைசூர் ஊதுபத்தி, சந்தன எண்ணெய், சந்தன சோப் எல்லாம் 2005-06ல் பதிவாயின. மைசூர் வெற்றிலை, மைசூர் மல்லிகை, நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழம்கூட உண்டு. மைசூர்பாகுக்குத் தமிழ்நாடு குறியீடு வாங்கிவிட்டது என்று 2019ல் ஒருவர் வேடிக்கையாகப் போட்ட செய்தியை நிஜம் என்று நம்பி டி.வி.யில் விவாதமே நடந்தது. அக்கம்பக்கத்தார் என் வீட்டுக்கு வந்து நியாயம் கேட்டார்கள்.

சிறு வியாபாரிகள் குழம்புவது இந்த இடத்தில்தான். புவிசார் குறியீடு ஊருக்குச் சொந்தம். அந்த எல்லைக்குள் முறைப்படி தயாரிப்பவர் எவரும் பதிவு செய்துகொண்டு உபயோகிக்கலாம். வர்த்தக முத்திரை உங்கள் ஒருவருக்கே சொந்தம். வெறும் ஊர்ப் பெயரைச் சாதாரணமாக முத்திரையாகப் பதிவு செய்யமாட்டார்கள். 'மைசூர் ஸ்பெஷல்' என்றும் 'மாமி மெஸ்' என்றும் பலகை வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் நம்மவர்கள் அநேகம். அடுத்த தெருவில் இன்னொரு மாமி வந்தால் என்ன செய்வது? முத்திரைக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகைப் பொருளுக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவானால் பத்து வருஷம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு தடவை பத்திரிகையில் அரைப்பக்க விளம்பரம் போடும் செலவில் இது எம்மாத்திரம்?

எங்கள் தெருவில் ஒரு அம்மாள் புளியோதரைப் பொடி இடித்து வெளியூர்களுக்குக் கூரியரில் அனுப்புகிறார். போன மாதம் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பேத்தி ஒரு உரல் படம் வரைந்து கொடுத்திருக்கிறாள். உரல் மேல் ஒரு கிளி. படம் எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர் இன்னும் முடிவாகவில்லை, வீட்டில் தினமும் சண்டை நடக்கிறது.