உண்ணிக் காய்ச்சல்: உடம்பில் கருப்புப் பொருக்கு இருக்கிறதா, பாருங்கள்

டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு மானாவாரிப் பருத்தி, மக்காச்சோளக் காடுகளில் வேலை மும்முரமாக இருக்கும். வரப்பெல்லாம் புல் மண்டிக் கிடக்கும். உண்ணிக் காய்ச்சல் அதிகம் வருவதும் இந்த மாதங்களில்தான். மருத்துவர்கள் இதை ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். 2024 இறுதியில் தமிழகப் பொது சுகாதாரத் துறை இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

பெயரைக் கேட்டதும் மாட்டு உண்ணியை நினைக்க வேண்டாம். இந்த நோய் அதனால் பரவுவதில்லை. புல்லிலும் புதரிலும் இருக்கும் ஒருவகைச் சிலந்திப்பேனின் இளம்பருவம்தான் கடிக்கிறது. செடியைத் தாக்கும் செஞ்சிலந்திக்குத் தூரத்துச் சொந்தம். கண்ணுக்கு எளிதில் தெரியாது. வயல் எலி, பெருச்சாளி ஆகியவற்றின் தோல் திசுநீரை உறிஞ்சி வளரும். நாம் புல்லில் உட்கார்ந்தால் நம்மையும் கடிக்கும். நோய்க்கிருமியான பாக்டீரியா, தாய்ப் பேனிலிருந்து முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆகவே எலியை மட்டும் ஒழித்தால் போதாது, வரப்புப் புதரையும் வெட்ட வேண்டும்.

கடித்தது வலிக்காது. சுமார் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்புவலி வரும். கடித்த இடத்தில் பீடி நெருப்பு சுட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கு இருக்கலாம். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழ் என மறைவான இடங்களில் தேடுங்கள். பெண்கள் கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் விடுவதுண்டு; நர்ஸிடமாவது காட்டுங்கள். பொருக்கு எல்லோருக்கும் வராது. இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவதுதான் ஆபத்து. பென்சிலின் வகை மருந்துகள் இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் கேட்கும், கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் தருவார்கள். இரண்டும் விலை குறைந்த மருந்துகள், ஆனால் மருத்துவர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். நோய் முற்றினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கும். அந்த நிலையில் இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது கூடுதல் பலன் தருவதாக வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. அந்தக் கட்டம் வரை போக விடாதீர்கள். காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையம் போய், "காட்டு வேலை செய்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ உடனே 108.

களையெடுக்க முழுக்கைச் சட்டை போடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சாக்கு விரித்து உட்காருங்கள். துவைத்த துணியைப் புதர்மேல் உலர்த்த வேண்டாம். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியை வெந்நீரில் அலசுங்கள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.